தட்டைப் பல்லா, மேட்டுப் பல்லா

என் கணவர் சைவமாக மாறியதற்கு முருகன்தான் காரணம் என்று எங்கள் கோயிலில் எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையான காரணம் அவருடைய கீழ்ப்பல் செட். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், முருகனுக்கும் கட்டாயம் தெரிந்திருக்கும். மூன்று பேருமே வாயைத் திறக்கவில்லை.

அவருக்குப் பற்களெல்லாம் போய், மேலும் கீழும் முழு செட் கட்டிப் பல வருஷம் ஆகிறது. மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மரியாதையாக நிற்கும். கீழ் செட்டுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. ஈறு தேயத் தேய அது வாய்க்குள் ஆட ஆரம்பித்தது. சோறு, பருப்பு, இட்லி வரைக்கும் சமாளித்தார். ஆட்டிறைச்சி என்றால்தான் திண்டாட்டம். ஒரு துண்டை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றி மாற்றித் தள்ளி, கடைசியில் கைக்குட்டையில் துப்பி மேசைக்கடியில் பூனைக்குப் போடுவார். எங்கள் பூனை அந்தக் காலத்தில் நல்ல சதைப்பிடிப்பாக இருந்தது.

ஒரு தைப்பூச விரதம் முடிந்ததும் வீட்டில் விருந்து வைத்தேன். கோயில் கமிட்டிக்காரர்கள் மட்டன் பெரட்டலுக்காகக் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது இவர் எழுந்து நின்று, "விரதத்த நான் முடிக்கப் போறதில்ல. இனிமே வாழ்நாள் முழுக்க சைவம். உள்ளுக்குள்ள இருந்து ஒரு குரல் சொல்லுது" என்று அறிவித்தார். இரண்டு பேர் கண் கலங்கினார்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் போட்டியே இல்லாமல் அவரைக் கோயில் தலைவராக்கிவிட்டார்கள். குரல் உள்ளேயிருந்து வந்தது என்னவோ நிஜம்தான். பல் செட் ஆடுகிற சத்தம் அது.

சரி, அவர் சைவம். நான் என்ன பாவம் செய்தேன்? என் வாயில் இருப்பதெல்லாம் என் சொந்தப் பல். ஓய்வு பெறும் வரை ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் கியூசியாக இருந்தவள் நான். பொருளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது போகும், இது போகாது என்று பிரித்துப் போடுவதுதான் என் வேலை. அந்த வேலையை முடித்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி வாங்கி, மிளகும் சோம்பும் அரைத்துப் பிரட்டி இறக்கினால்தான் அந்த வாரம் முடிந்ததாக எனக்கு ஒரு நிறைவு வரும். தலைவர் வீட்டு அடுப்பிலிருந்து அந்த வாசம் வந்தால் ஊர் சும்மா இருக்குமா? எந்த நேரத்தில் எந்தக் கமிட்டிக்காரர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து கேட்டில் நிற்பார் என்றே தெரியாது. அதனால் நானும் நிறுத்தினேன். அவர் "சாப்பிடு" என்றும் சொல்லவில்லை, "சாப்பிடாதே" என்றும் சொல்லவில்லை. சாம்பாரை ஊற்றச் சொன்னார், ஊற்றினேன்.

வெளியே போய்ச் சாப்பிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஜொகூர் பாருவில் நான் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் பக்கத்து மேசையிலிருந்து யாராவது "தலைவரம்மா, வணக்கம்" என்று எழுந்து நிற்பார்கள். அப்புறம் எங்கே மட்டன் கேட்பது? தோசை என்று சொல்லிவிட்டு வயிற்றெரிச்சலோடு சாப்பிட்டுவிட்டு வருவேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் வீட்டு அடுப்பில் மறுபடியும் மட்டன் வேக வேண்டும். அவருக்கு மெல்ல முடிந்துவிட்டால் அதே உள்குரல் வேறு மாதிரிப் பேச ஆரம்பித்துவிடும் என்பது என் கணக்கு.

அதற்கு வழி அவரே செய்து கொடுத்தார். கோயிலில் மைக் முன்னால் நின்று "அன்பான பக்தப் பெருமக்களே" என்று தொடங்கியவர், 'பெருமக்களே'வில் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டார். கீழ் செட் துள்ளி வெளியே வந்து மைக்கில் 'டக்' என்று மோதிக் கீழே விழுந்தது. அந்த 'டக்' கார் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்டது. பக்தப் பெருமக்கள் பக்தியோடு தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும், "அந்தத் திருகாணி வெக்கிற டாக்டர்னு சொன்னியே, எங்க இருக்காங்க?" என்று கேட்டார். நான் அதைச் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது.

டாக்டர் ஜொகூர் பாருவில் இருக்கும் ஒரு சீனப் பெண்மணி. பல் செட்டில் நிபுணர். கீழ்த்தாடை எலும்பில் முன்பக்கமாக இரண்டு சின்னத் திருகாணிகளை இறக்கினார். புண் ஆறி எலும்பு பிடித்துக்கொள்ளும் வரை பொறுத்திருந்தோம். அதன் பிறகு கீழ் செட்டை அவற்றின் மேல் வைத்து அழுத்தினால் 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும். இனி எவ்வளவு அழுத்திப் பேசினாலும் பக்தர்கள் மேல் விழாது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். டாக்டரோ ஒரே அளவில் இரண்டு ஜோடி செட்களைக் கொண்டுவந்து வைத்தார். முன்பல் இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் கடைவாயில் இருந்தது. ஒரு ஜோடியில் கடைவாய்ப் பற்கள் தட்டையாக, மேசைப் பலகை மாதிரி வழவழவென்று இருந்தன. மேலும் கீழும் மோதினால் உணவை நசுக்கும், அவ்வளவுதான். மற்ற ஜோடியில் நிஜப் பல்லில் இருப்பது போலவே மேடும் பள்ளமும். மேல் பல்லின் மேடு கீழ்ப் பல்லின் பள்ளத்தில் போய் உட்காரும். நார் உள்ள உணவை அது வெட்டும். தட்டைப் பல் பழகச் சுலபம், தாடையைப் பக்கவாட்டில் அசைத்தாலும் இடிக்காது. யார் வாய்க்கு எது ஒத்துவரும் என்று அவரவர் மென்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். முதலில் ஒன்றைக் கொஞ்ச நாள் போட்டுப் பார்க்க வேண்டும், பிறகு மற்றதை. கடைசியில் எது வேண்டுமோ அது. இப்படி ஒவ்வொரு நோயாளியிடமும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் அவருக்குத் தனி ஆர்வம் என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"அங்கிள், செலாலு மாக்கான் டாகிங்?" என்று கேட்டார். வழக்கமாக இறைச்சி சாப்பிடுவீர்களா என்று மலாயில் கேட்கிறார்.

இவர் வாயைத் திறந்தார். அதே நேரம் டாக்டருக்குப் பக்கத்தில் நின்ற தாதியைப் பார்த்தார். எங்கள் கோயில் பஜனைக் குழுவில் பாடுகிற பெண் அவள். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து இவர் கையால் திருநீறு வாங்குகிறவள்.

"வெஜிடேரியன்" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.

"அங்கிள் எங்க கோயில் தலைவர், டாக்டர். முட்டையக்கூடத் தொட மாட்டாரு" என்று அந்தப் பெண் பெருமையோடு சேர்த்துக்கொண்டாள்.

டாக்டரின் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. அப்படியென்றால் தட்டையே போதுமானதாக இருக்கலாம், ஆனாலும் இரண்டையும் போட்டுப் பாருங்கள், மறைக்காமல் சொல்லுங்கள் என்றார். 'மறைக்காமல்' என்ற சொல்லைக் கேட்டதும் இவர் மேலே சுழலும் மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் மாமியாரிடம் பொய் சொல்லலாம், கமிட்டியிடம் சொல்லலாம். பல் கட்டுகிறவரிடமா சொல்வது?

முதலில் தட்டைப் பல் வீட்டுக்கு வந்தது. காலையில் இட்லி. "எப்படிங்க இருக்கு?" என்றேன். "பிரமாதம்" என்றார். மத்தியானம் சோறும் கத்தரிக்காய்க் கூட்டும். "பிரமாதம்." இட்லியையும் கத்தரிக்காயையும் மெல்வதற்குப் பல் எதற்கு? ஈறே போதும். நான் விடவில்லை. பச்சைக் கேரட்டை வெட்டிக் கொடுத்தேன், வேர்க்கடலையை அவித்து வைத்தேன், நன்றாக விளைந்த கொய்யாவைக் கொடுத்தேன். கடலை அந்த வழவழப்பில் நிற்காமல் வாய்க்குள் சுற்றி வந்தது. கேரட்டைப் பாதி மென்று மீதியை அப்படியே விழுங்கிவிட்டுக் கண்ணை உருட்டினார். நான் மனதுக்குள் 'போகாது' என்று ஒதுக்கிவிட்டேன்.

பிறகு மேட்டுப் பல் வந்தது. அதே கேரட், அதே கடலை. இந்த முறை 'கருக் கருக்' என்று சத்தம் கேட்டது. கேட்க எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. "இதுதாங்க நல்லாருக்கு" என்றேன். அவர் கண்ணாடி முன்னால் நின்று ஈயென்று இளித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுல நான் கொஞ்சம் இளமையாத் தெரியறேன்?"

"முன்னாடி ரெண்டும் ஒண்ணுதாங்க. மூஞ்சியும் அதே மூஞ்சிதான்."

"உனக்கு ரசனையே இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் இளித்தார்.

அந்த மேட்டுப் பல் வாரங்களில் அவருக்குக் கோயில் வேலை திடீரென்று கூடிவிட்டது. திருவிழா நோட்டீஸ் அச்சடிக்கும் விஷயமாக ஸ்கூடாய்க்கு அடிக்கடி போய் வந்தார். அங்கே நோட்டீஸ் அடிக்கிறார்களா, நோட்டீஸுக்கு மரம் வளர்க்கிறார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. வீட்டுக்கு வந்தால், "ராத்திரிக்கு ஒண்ணும் வேணாம், வயிறு மந்தமா இருக்கு" என்பார். வயசாகிறது, செரிக்கவில்லை போலிருக்கிறது என்று ரசம் வைத்துக் கொடுத்தேன். நானும் ஒரு கியூசி!

எதைத் தேர்ந்தெடுப்பது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. வேறு யாராக இருந்தாலும் தன் வாயைக் கேட்டிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்குக் கமிட்டி கூடாமல் ஒரு முடிவும் எடுக்க வராது. அந்த மாதக் கூட்டம் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. 'இதர விவகாரங்கள்' என்ற இடம் வந்ததும் இவர் இரண்டு ஜோடியையும் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து நீட்டினார். அதில் ஒன்று அதுவரை வாயில் இருந்தது. டிஷ்யூவில் துடைத்துத்தான் வைத்தார், அந்த மட்டும் புண்ணியம். தேநீர் கொண்டுபோன நான் கதவோரமே நின்றுவிட்டேன்.

தட்டு கைமாறிக் கைமாறிப் போனது. "தட்டையா இருக்கறதுதான் சுத்தம். பள்ளத்துல பருப்பு மாட்டிக்கும் லா" என்றார் பொருளாளர். கோயில் தரைக்குக் கல் பதித்தபோதும் அவர் இதையேதான் சொன்னார். செயலாளர் மேட்டுப் பல்லை விரலால் தடவிப் பார்த்து, "அலமாக், இது புலிக்குக் கட்டுற பல்லு. நம்ம தலைவரு சாத்வீகமான ஆளு. அவருக்கு எதுக்கு இது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் அதிகமாகச் சிரித்தார், வாயில் பல்லில்லாமல். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், கைகள் உயர்ந்தன. தட்டைப் பல் ஒருமனதாக நிறைவேறியது. கூரை ஒழுகுவதை ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிற கூட்டம், என் வீட்டு மட்டனைத் தேநீர் ஆறுவதற்குள் தள்ளுபடி செய்துவிட்டது.

அன்று நான் யாருக்கும் பிஸ்கட் கொடுக்கவில்லை. சமையலறையில் நின்று, சாகும்வரைக்கும் சாம்பார்தான் என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பாக இருக்கலாம் உங்களுக்கு. எனக்கு அழுகை வந்தது.

டாக்டரிடம் போகும் நாளில் காரை நான்தான் ஓட்டினேன். நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். இவர் தட்டைப் பல் என்று சொன்னால் நடுவில் புகுந்து எப்படித் தடுப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். அங்கே போய் உட்கார்ந்தோம்; டாக்டர் கேள்வியை முடிக்கக்கூட இல்லை.

"மேடு" என்றார் இவர்.

எனக்கு என் காதையே நம்ப முடியவில்லை. கமிட்டித் தீர்மானத்தை மீறி இவர் வாழ்நாளில் ஒன்று செய்து நான் பார்த்ததில்லை. நிச்சயமாகவா என்று டாக்டர் கேட்டார். நிச்சயம், இனி தட்டையைத் தொடக்கூட மாட்டேன் என்றார். எந்தக் காய்கறியில் வித்தியாசம் தெரிந்தது என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்து, "கோபிஸ்" என்றார். முட்டைக்கோஸ் இந்த உலகத்தில் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யும் என்று யாருக்குத் தெரியும்! நான் சந்தோஷத்தில் மிதந்தேன். போகும் வழியிலேயே ஆட்டிறைச்சி வாங்குவதா, ஞாயிறு வரை பொறுப்பதா என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.

அதற்குள் தாதிப் பெண் செட்டைக் கழுவ எடுத்துப் போனாள். குழாயடியிலிருந்து, "டாக்டர், திருகாணில மாட்டுற கிளிப்புல என்னமோ நார் சுத்தியிருக்கு" என்றாள். இடுக்கியால் இழுத்து ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்துக் கொண்டுவந்தாள். டாக்டர் அதை விளக்குக்கடியில் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"வாவ், அங்கிள், டாகிங்! பாகுஸ்!" இறைச்சி, ரொம்ப நல்லது என்று பாராட்டுகிறார்.

"சோயா" என்றார் இவர். "சைவக் கடை சோயா."

நான் எழுந்து போய் அந்தக் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பல வருஷமாக வாயில் வைக்காத பொருள்தான். ஆனாலும் ஆட்டின் தொடைக்கறி எனக்குத் தெரியாதா? அதில் ஒட்டியிருந்த மசாலாவில் சோம்பு கொஞ்சம் அதிகம். தாதிப் பெண் அவரைப் பார்க்காமல் செட்டை இன்னொரு முறை கழுவினாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கேட்டேன். "எங்க சாப்டீங்க?"

"ஸ்கூடாய்ல. படிக்கிற பிள்ளைங்க வர்ற கடை. நம்மாளுங்க யாரும் அங்க வர்றதில்ல." பிறகு தைரியம் வந்து, "டாக்டர்தான் மறைக்காம சொல்லணும்னாங்க. டெஸ்ட் பண்ணாம எப்படிச் சொல்றது?" என்றார்.

"என்னையும் கூட்டிட்டுப் போகணும்னு தோணலையா?"

அவர் சன்னல் வழியாக மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஸ்கூடாய்ப் பக்கம் வண்டியை விட்டு, "வழி சொல்லுங்க" என்றேன். சொன்னார்.

கல்லாவில் இருந்த பாய் இவரைக் கண்டதும், "வாங்க ஐயா, வாங்க! பெரட்டல் இப்பத்தான் எறக்கினோம்" என்று எழுந்தார். பின்னால் வந்த என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். "வீட்ல" என்றார் இவர். அவ்வளவுதான், பாய் பதறிப்போய்விட்டார்.

"அம்மா, இங்க வேணாம், இது கறி சாப்பிட்ட மேசை. அந்த ஓரமா உக்காருங்க, தொடைக்கச் சொல்றேன். ஐயா எல்லாம் சொல்லியிருக்காரு. அம்மா சுத்த சைவம், வீட்டுக்குள்ள எறச்சியே விட மாட்டாங்க, அதனாலதான் இங்க வர்றேன்னு. அவரக் கோவிச்சுக்காதீங்கம்மா. அவரு சாப்புடுறதப் பாத்தா எங்களுக்கே பாவமா இருக்கும்."

சில நேரம் கோபம் உடனே வராது. நான் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் நான் விட்டது யாருக்காக? இவருடைய பல் செட்டின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக. அதை எடுத்து எனக்கே ஆசாரக்காரி என்று பட்டம் கட்டி, ஸ்கூடாயில் ஒரு கடை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார்.

"இதெல்லாம் என்னங்க?" என்றேன்.

அவர் முகத்தில் திருட்டுத்தனம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "நீதான் சைவமாச்சே" என்றார். "நான் விட்டப்ப நீயும் விட்ட. சாமிக்காகன்னு நெனச்சேன். ஒரு நாளு கூட வேணும்னு கேக்கலையே."

நான் அந்தக் கறி மேசையிலேயே உட்கார்ந்தேன். "பாய், ஒரு சோறு. மட்டன் பெரட்டல் ரெண்டு தட்டு, ரெண்டும் எனக்கு. ஐயாவுக்குப் பருப்பு" என்றேன். பாய் இவரைப் பார்த்தார். இவர் தலையை ஆட்டினார். என் சொந்தப் பல்லால் நான் நிதானமாகச் சாப்பிட்டேன். சோம்பு அதிகம்தான். ஆனாலும் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. நடுவில் அவர் கை என் தட்டுப் பக்கம் வந்தது. தட்டை நகர்த்தி வைத்து, "கமிட்டியில எழுந்து நின்னு சொல்லுங்க, ஏன் விட்டேன்னு. அப்புறம் போடுறேன்" என்றேன். கை திரும்பிப் போனது.

இப்போது ஞாயிறுதோறும் என் அடுப்பில் மட்டன் வேகிறது. சன்னலைத் திறந்துதான் வைக்கிறேன். அவர் இன்னும் கமிட்டியில் சொல்லவில்லை. போன ஞாயிறு பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து, வாசத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். மேசையில் என் தட்டில் பெரட்டல், இவர் தட்டில் கேரட்.

"என்னங்கம்மா இது? நீங்களும் சைவம்னுல்ல நெனச்சோம்?"

"யாரு சொன்னா?"

"தலைவர்தான்."

"அப்ப அவரையே கேளுங்க" என்றேன்.

பொருளாளர் இவர் பக்கம் திரும்பினார். அவர் கேரட்டை மேட்டுப் பல்லில் வைத்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு பக்கமும் சமமாக மென்றுகொண்டிருந்தார். அது கூழாகி ரொம்ப நேரம் ஆகியிருக்கும். நானும் பொருளாளரும் அவர் விழுங்குவதற்காகக் காத்திருந்தோம்.